பல பாணி கீபோர்டு வாசிப்பைத் தொழிலாக்க நினைப்பவர்களுக்கு: தடுக்கி விழுந்தவன் எழுதும் வழிகாட்டி

“எந்தப் பாணியும் வாசிப்பேன்” என்று சொல்லிக்கொண்டு வேலை தேடத் தொடங்கியபோது என்னிடம் உண்மையில் இருந்தது இரண்டு பாணியும் ஒரு பொய்யும்தான். முதல் வாய்ப்பு வேறொருவருக்குப் பதிலாகப் போனது. பதினெட்டுப் பாட்டு, இரண்டே நாள் அவகாசம். கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) எல்லாம் மனப்பாடம். மேடையில் முதல் மெதுவான பாட்டில், ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலை மிதித்தால் ஒலி அறுந்தது, காலை எடுத்தால் நீண்டது. கருவியை ஆன் செய்தபோது என் கால் பெடல் மேல் இருந்திருக்கிறது. பல கீபோர்டுகள் ஆன் ஆகும் அந்த நொடியில் பெடல் இருக்கும் நிலையைத்தான் ‘மிதிக்காத நிலை’ என்று எடுத்துக்கொள்ளும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பதுகூடத் தெரியாமல், இரவு முழுக்கக் காலைத் தலைகீழாக வைத்துச் சமாளித்தேன். யாரும் திட்டவில்லை. மறுபடி கூப்பிடவும் இல்லை.

ஓரளவு வாசிக்கத் தெரிந்து, இனி இதில் சம்பாதிக்கவேண்டும் என்று நினைப்பவருக்கான கட்டுரை இது. ஸ்கேல் பயிற்சி பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. இந்தத் தொழிலில் ஆட்கள் கழன்றுபோவது பெரும்பாலும் விரலால் அல்ல, தயாரிப்பாலும் காகிதத்தாலும்தான். அவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

1. மூன்று பாணியில் தொடங்குங்கள், பத்தில் அல்ல

உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த பாணி ஒன்று. அதற்குப் பக்கத்து வீடு போன்ற இன்னும் இரண்டு. முதல் ஆண்டுக்கு அது போதும். ஒரு புதுப் பாணிக்கு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். அந்த மூன்று மாதத்தில் இருபது பாட்டை மேலோட்டமாகத் தொடுவதைவிட, ஆறு பாட்டைப் பதிவோடு சேர்ந்து வாசித்து, அதையே பதிவு செய்து கேட்டுப் பார்ப்பது மேல்.

ஒவ்வொரு பாணியிலும் புதியவரைக் காட்டிக்கொடுக்கும் இடம் ஒன்று இருக்கும். ஜாஸில் அது இடது கை. பேஸ் வாசிப்பவர் பக்கத்தில் நிற்கும்போது மூல ஸ்வரத்தை நீங்களும் இடித்தால், ஒரே வேலையை இரண்டு பேர் செய்கிற மாதிரி கீழ்ப்பகுதி சேறாகிவிடும். கார்டின் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களை மட்டும் நடுப்பகுதியில் பிடித்துப் பாருங்கள். இரண்டே விரலில் கார்டு முழுசாகக் கேட்கும்.

ஆர்கனில் அது கால். நிஜ ஹேமண்ட் ஆர்கனில் சஸ்டெயின் பெடல் கிடையாது, எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் ஒலி அளவும் மாறாது. பியானோ பழக்கத்தில் பெடலை மிதித்துக்கொண்டே ஆர்கன் வாசித்தால், கேட்பவருக்கு இரண்டாவது தாளச் சுற்றிலேயே தெரிந்துவிடும். விரலை விரலால் மாற்றிப் பிடித்துத்தான் ஒலியை இணைக்கவேண்டும். உணர்ச்சி எல்லாம் ஒலியளவுப் பெடலிலும், சுழலும் ஸ்பீக்கரை மெதுவிலிருந்து வேகத்துக்குத் தள்ளும் அந்த ஒரு தருணத்திலும் இருக்கிறது.

லத்தீன் பாணியில் க்ளாவே (பாட்டு முழுக்க ஓடும் அடிப்படைத் தாளக்கட்டு; ஒரு பாதியில் மூன்று தட்டு, மறுபாதியில் இரண்டு) எந்தப் பக்கம் என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். 3-2 ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் 2-3க்கான மொன்டூனோ (திரும்பத் திரும்ப வரும் பியானோ உருப்படி) வாசித்தால் ஸ்வரம் எல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் தாளக் கருவிக்காரர்கள் எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். ரெக்கேயில் வேலை இடைத்தட்டில், அதாவது இரண்டு தட்டுக்கு நடுவே. நிறைய வாசிக்கவேண்டியதில்லை, மூன்று மணி நேரம் அதே இடத்தில் அதே நீளத்தில் வைக்கவேண்டும். எளிது என்று நினைத்துப் போய் நாற்பது நிமிடத்தில் மணிக்கட்டு இறுகி நான் திணறியது இதில்தான். பாப் பாடல்களில் பாதி வேலை ஒலியைத் தேர்ந்தெடுப்பது. மீதிப் பாதி, பாடகர் பாடும்போது வலது கையைக் கட்டிவைப்பது.

2. கருவி: பட்ஜெட்டை உடைத்து வாங்குங்கள்

கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் கீபோர்டில் போட்டுவிட்டு, ஆடும் ஸ்டாண்டையும் விளையாட்டுப் பெடலையும் வைத்துக்கொண்டு மேடை ஏறுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நானும் அதில் ஒருவன். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது சுற்றுப்பொருள்களுக்கு ஒதுக்குங்கள்: ஆடாத ஸ்டாண்டு, சறுக்காத சஸ்டெயின் பெடல், ஒலியளவுக்கு ஒரு பெடல், நல்ல பை, இரண்டு டி.ஐ. பாக்ஸ் (கருவியின் ஒலியை மேடை ஒலியமைப்புக்கு இரைச்சலில்லாமல் அனுப்பும் சின்னப் பெட்டி), ஒவ்வொரு கேபிளிலும் ஒன்று கூடுதல், ஹெட்போன், கருவியோடு வந்த அடாப்டருக்கு இன்னொரு ஜோடி. அந்த அடாப்டர் ஜோடி வீண் செலவாகத் தோன்றும். தொலைந்த அன்றுதான் அருமை தெரியும்.

88 கட்டைகளா, 61 கட்டைகளா என்ற கேள்விக்கு என் பதில்: முதல் கருவி எடையுள்ள கட்டைகளுடன் 73 அல்லது 88. சம்பாதித்த பிறகு, ஆர்கனுக்கும் சிந்தசைசருக்கும் லேசான கட்டைகளுடன் ஒரு 61. எடையுள்ள கட்டையில் ஆர்கன் சறுக்கல் வாசித்தால் விரல் தோல் உரியும். லேசான கட்டையில் பியானோ வாசித்தால் மென்மைக்கும் அழுத்தத்துக்கும் நடுவே எதுவும் கிடைக்காது.

பழைய கருவி வாங்கினால் அவசரப்படாமல் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒரு தரம், பலமாக ஒரு தரம் அழுத்துங்கள். சில கட்டைகள் மட்டும் திடீரென்று கத்தினால் கீழே உள்ள ரப்பர் தொடுபுள்ளி தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது. குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு, வெளியீட்டு ஜாக்கை அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வருவது, இரண்டையும் பாருங்கள். அணைத்து ஆன் செய்து, சேமித்த ஒலி நினைவில் நிற்கிறதா என்றும் பாருங்கள். பழைய மாடல்கள் சிலவற்றில் உள்ளே ஒரு சின்ன பேட்டரிதான் நினைவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். பில் இருந்தால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டுக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கும், திருட்டுப் புகாருக்கும் அந்த ஒரு தாளும் வரிசை எண்ணும்தான் பேசும்.

3. ஒலிகளை வீட்டிலேயே அடுக்கி முடியுங்கள்

மேடையில் ஒலி தேடுபவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும். ஒலிகளைப் பெயர் வரிசையிலோ தொழிற்சாலை வரிசையிலோ வைக்காமல், அன்றைய பாட்டு வரிசையிலேயே அடுக்குங்கள். அடுத்த பாட்டுக்கு அடுத்த பொத்தான். பாட்டு வரிசை மாறினால் மட்டும் கை தேடவேண்டும். அதற்காகக் கடைசியில் வெறும் பியானோ, வெறும் ஆர்கன், ஒரு பேட் (பின்னணியில் நீளமாக நிற்கும் மென்மையான ஒலி) என்று மூன்று அவசர ஒலிகள்.

அடுக்கும்போது ஒலியளவைச் சமன் செய்யாவிட்டால் பியானோவிலிருந்து பிராஸுக்குத் தாவும் நொடியில் அரங்கமே துள்ளும். ஹெட்போனில் சமன் செய்வதும் போதாது. மேடை அளவு சத்தத்தில் ஒருமுறையாவது கேட்டுப் பாருங்கள். தாழ்ந்த அளவில் சமமாகக் கேட்டவை உயர்ந்த அளவில் அப்படிக் கேட்காது.

இன்னும் சில பொறிகள், எல்லாவற்றிலும் நான் விழுந்தவை:

நடு ‘ஸி’ ஸ்வரத்தைச் சில நிறுவனங்கள் ஸி3 என்கின்றன, சில ஸி4 என்கின்றன. ஒரு கருவிக்குக் குறித்துவைத்த ஸ்ப்ளிட் (கட்டைகளை இரண்டு ஒலிகளுக்குப் பிரிக்கும் இடம்) இன்னொன்றில் ஒரு ஆக்டேவ் தள்ளிப் போகும்.

மிடியில் (கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது மொழி) ஒலி எண்கள் மொத்தம் 128. சில கருவிகள் அதை 1 முதல் 128 வரை எண்ணும், சில மென்பொருள்கள் 0 முதல் 127 வரை. ஒன்று தள்ளிப்போனால் பியானோ வரவேண்டிய இடத்தில் வேறு எதுவோ வரும்.

சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு பாட்டுக்காகப் பயன்படுத்தினால் அதை அந்தப் பாட்டின் ஒலிக்குள் சேமியுங்கள். பொதுவாகப் போட்டு மறந்தால் அடுத்த பாட்டு முழுப் பேண்டுக்கும் ஒரு சுருதி, உங்களுக்கு ஒரு சுருதி. இசைக்குழுவோடு வாசிப்பதாக இருந்தால் சுருதி 440 ஹெர்ட்ஸா 442 ஹெர்ட்ஸா என்று முன்பே கேளுங்கள்.

ஒற்றைக் கேபிள்தான் தருவேன் என்று சவுண்ட் இன்ஜினியர் சொன்னால், இடது ஜாக்கில் செருகுங்கள். பெரும்பாலான கருவிகளில் மோனோ வெளியீடு அங்கேதான். ஸ்டீரியோவில் பிரமாதமாகக் கேட்கும் பியானோ ஒலிகள் சில, மோனோவில் குழாய்க்குள் விழுந்த மாதிரி ஆகிவிடும். ஆகவே ஒரு மோனோ பியானோவும் தயாராக இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் யு.எஸ்.பி.யில் ஒரு பிரதி, வேறு எங்காவது இன்னொரு பிரதி.

4. ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம்

சார்ட், அதாவது மேடையில் பார்த்து வாசிக்கும் பாட்டுக் குறிப்பு, ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மேலே சுருதி, டெம்போ, முதல் ஒலி, யார் தொடங்குகிறார்கள். கீழே பகுதிகளும் கார்டுகளும். கார்டுகளை எழுத்தில் எழுதுவதோடு 1, 4, 5 என்று எண்ணிலும் யோசிக்கப் பழகுங்கள். “தொண்டை சரியில்லை, அரைச் சுருதி இறக்கிடலாமா?” என்று பாடகர் மேடைக்குப் பின்னால் கேட்கும்போது எண்ணில் யோசிப்பவர் சரி என்பார், மற்றவர் வியர்ப்பார். முடிவு எப்படி என்று மட்டும் தடித்த எழுத்தில். பாட்டுகள் சொதப்புவது பெரும்பாலும் முடிவில்தான்.

5. காகிதங்கள்

பிடிக்காத பகுதி, ஆனால் இங்கேதான் அதிகம் இழந்தேன். ஒரு பதிவுக்கு வாசித்தேன், ஒரு பாட்டின் தொடக்க மெட்டை நானே கட்டினேன். “எழுத்தெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார்கள். அப்புறம் வரவே இல்லை. இப்போது என்னிடம் ஒரு கோப்புறை இருக்கிறது. அதில் இருப்பவை இவை.

அறிமுகப் பதிவு: மூன்று நிமிடத்துக்குள், மூன்று பாணி, கைகள் தெரியும் காணொளி. தனியாக வாசித்ததைவிடப் பேண்டோடு வாசித்தது நல்லது. கேட்பவர் பார்ப்பது நீங்கள் எவ்வளவு வாசிக்கிறீர்கள் என்று அல்ல, எங்கே விடுகிறீர்கள் என்று.

மேடை வரைபடமும் இன்புட் பட்டியலும்: ஒரே பக்கம். எங்கே நிற்பீர்கள், எத்தனை லைன் வேண்டும், மின்இணைப்பு எத்தனை, மானிட்டரில் என்ன கேட்கவேண்டும். இதை முன்கூட்டி அனுப்புபவரிடம் ஒலி ஆட்கள் தனி மரியாதை வைத்திருப்பார்கள்.

ஒப்பந்தம்: நீளமாக வேண்டாம். தேதி, வரவேண்டிய நேரம், வாசிக்கும் நேரம், தொகை, முன்பணம், மீதி எப்போது, பயணமும் தங்குமிடமும் யார் பொறுப்பு, ரத்தானால் என்ன, பதிவு செய்து வெளியிடலாமா கூடாதா. இத்தனையையும் ஒரு மின்னஞ்சலில் எழுதி “சரி” என்று பதில் வாங்கினாலும் வாய்ப்பேச்சைவிட ஆயிரம் மடங்கு மேல்.

பங்கீட்டுத் தாள்: பாட்டு உருவாக்கத்தில் உங்களுக்குப் பங்கு உண்டு என்றால், யாருக்கு எத்தனை சதவீதம் என்று கூட்டினால் 100 வரும்படி எழுதி, பதிவு நடந்த அன்றே எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். பாட்டு ஓடிய பிறகு கேட்டால் எல்லோருடைய ஞாபகமும் தனக்குச் சாதகமாகவே வேலை செய்யும்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். இயற்றிய பாட்டு வேறு, அதன் ஒலிப்பதிவு வேறு. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் எண்ணும் கலந்த 12 குறிகள் கொண்ட அடையாளம் உண்டு. பாட்டுக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்று தனி அடையாளம். இயற்றியவர் உரிமைச் சங்கத்தில் பதிந்தால், உங்களை அடையாளம் காட்டும் ஐ.பி.ஐ. எண் கிடைக்கும். பல நாடுகளில் ஒலிபரப்பு வருவாயில் பதிவில் வாசித்தவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது, ஆனால் பதிவுக்குறிப்பில் உங்கள் பெயர் இருந்தால்தான். பெயரின் எழுத்துக்கூட்டல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு எல்லா உரிமையையும் கொடுப்பதும் தவறில்லை. கொடுக்கிறோம் என்று தெரிந்து, அதற்கேற்ற தொகை கேட்டுக் கொடுங்கள்.

6. எவ்வளவு கேட்பது

இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரக் கூலி என்று கணக்குப் போட்டால் நஷ்டம். என் கணக்கேட்டிலிருந்து ஒரு சாதாரண வேலை: பாட்டுக் கேட்டுச் சார்ட் எழுத 4 மணி நேரம், ஒலி அடுக்க 2, ஒத்திகை 3, போக வர 2, சாமான் இறக்கி ஏற்ற 1, சவுண்ட் செக்கும் காத்திருப்பும் 3, வாசிப்பு 2. ஆக 17 மணி நேரம். வாசிப்பு அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. தொகையை 17ஆல் வகுத்துப் பாருங்கள். சில வேலைகளை அன்றே விட்டுவிடுவீர்கள்.

அதே பேண்டோடு பத்தாவது தடவை போகும்போது சார்ட்டும் ஒலியும் தயாராக இருக்கும், 17 என்பது 11 ஆகிவிடும். ஆகவே குறைந்த தொகையானாலும் தொடர்ந்து வரும் வேலைக்கு மதிப்பு அதிகம். புதுப் பாட்டாக இருக்கும் ஒற்றை வேலைக்குத்தான் விலையைக் கூட்டவேண்டும். நான் பல நாள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.

முன்பணம் பாதி வாங்குங்கள். மீதி மேடை ஏறுமுன். கருவியின் தேய்மானத்துக்கு ஒவ்வொரு தொகையிலிருந்தும் பத்தில் ஒரு பங்கு தனியாக எடுத்துவையுங்கள். வரவு செலவு ரசீதுகளை மாதா மாதம் சேர்த்துவிடுங்கள். ஆண்டு முடிவில் சேர்க்க உட்கார்ந்தால் பாதி ரசீதில் மை அழிந்திருக்கும்.

7. பதில் ஆளாகப் போகும் முதல் வேலை

கதவு திறப்பது பெரும்பாலும் இப்படித்தான்: வழக்கமாக வாசிப்பவரால் வர முடியவில்லை, நான்கு நாள் இருக்கிறது. முதல் நாளே பாட்டு வரிசை, சுருதிகள், நிகழ்ச்சிப் பதிவு மூன்றையும் கேளுங்கள். ஸ்டூடியோ பதிவை நம்பவேண்டாம். மேடையில் அவர்கள் சுருதியும் முடிவும் மாற்றியிருப்பார்கள். இரண்டாம் நாள் சார்ட், மூன்றாம் நாள் ஒலி, நான்காம் நாள் நின்றுகொண்டு முழு வரிசையையும் இடைவெளி விடாமல் ஒருமுறை. உட்கார்ந்து பழகி நின்று வாசித்தால் பெடல் கால் குழம்பும்.

அங்கே போய், வழக்கமானவர் வாசிப்பதையே வாசியுங்கள். உங்கள் கற்பனையைக் காட்டும் இரவு அது அல்ல. அவர் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறார் என்ற பெயர் வந்தால் வேறு யாரும் உங்களைப் பதிலுக்கு அனுப்பமாட்டார்கள். திரும்பி வந்ததும் அவருக்கு ஒரு நன்றிச் செய்தி. எனக்கு இன்று வரும் வேலைகளில் கணிசமானவை மற்ற கீபோர்டுக்காரர்கள் தருபவைதான்.

8. வீட்டிலிருந்து பதிவு வாசித்துக் கொடுப்பது

வேலை தொடங்குமுன் மூன்று கேள்வி: டெம்போ என்ன, எந்த வடிவம், எத்தனை திருத்தம். கேட்டவர் எதுவும் சொல்லாவிட்டால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு. எல்லாக் கோப்பும் பாட்டின் பூஜ்ஜிய நொடியிலிருந்தே தொடங்கவேண்டும், நீங்கள் வாசிப்பது மூன்றாம் நிமிடத்தில்தான் என்றாலும். ரிவெர்பு (எதிரொலி விளைவு) இல்லாமல் ஒன்று, இருந்தால் அதனுடன் ஒன்று. கூடவே மிடி கோப்பு. மிடி கொடுத்தால் ஒலியை அவர்களே மாற்றிக்கொள்வார்கள், உங்களுக்கு ஒரு திருத்தம் மிச்சம்.

வாசிக்கும்போது ஒலி தாமதமாக வருகிறதா? கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரின் அளவைக் குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 512 என்றால் பஃபர் மட்டுமே 10.7 மில்லிநொடி தாமதம், 128 என்றால் 2.7. ஃபங்க் தாளத்தில் அந்த வித்தியாசம் கையில் தெரியும். திருத்தம் இரண்டு வரை இலவசம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்ட ஒரு வேலையில் பதினொன்று வரை போனேன்.

9. கருவியோடு பயணம்

88 கட்டைக் கருவியின் நீளமே 130 செ.மீ. அளவுக்கு வரும். விமானங்களில் வழக்கமான வரம்பு நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 158 செ.மீ. கெட்டிப் பெட்டியில் போட்டால் எடை எளிதாக 30 கிலோவைத் தாண்டும். ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் என்றால் பல விமான நிறுவனங்கள் சாதாரணச் சாமானாக எடுப்பதே இல்லை. ஆகவே கருவியை அங்கேயே வாடகைக்குத் தரச் சொல்லி ஒப்பந்தத்தில் மாடல் பெயரோடு எழுதிவிட்டு, ஒலிகளை யு.எஸ்.பி.யில் கொண்டுபோவது என் வழக்கம். “அது மாதிரி ஏதாவது” என்று எழுத விடாதீர்கள். அது மாதிரி ஏதாவதுதான் வரும், உங்கள் ஒலிகள் அதில் திறக்காது.

சொந்தக் கருவியைத்தான் கொண்டுபோவதாக இருந்தால் ஏ.டி.ஏ. கார்னே என்ற சுங்கத் தாளைப் பற்றி விசாரியுங்கள். அதை ஏற்கும் நாடுகளுக்குள் தொழில் கருவியை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்ப அது உதவும். வணிகச் சங்கங்கள் வழியாகக் கிடைக்கும், அதிகபட்சம் ஓராண்டு செல்லும், பிணைத்தொகை கேட்பார்கள். பட்டியலில் ஒவ்வொரு பொருளும் வரிசை எண்ணோடு இருக்கவேண்டும். போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை வாங்குங்கள். ஒரு முத்திரை விட்டுப்போனால் பிணைத்தொகைக்குச் சிக்கல். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கூடுதல் லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போகவேண்டும்.

10. காது

வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பின் பரிந்துரைப்படி 85 டெசிபெலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபெலில் அது 15 நிமிடம். சிம்பலுக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம் போட்டிருந்தால் தள்ளி நில்லுங்கள், இசைக்காரர்களுக்கான காதடைப்பான் வாங்குங்கள். முதல் மாதச் சம்பாத்தியத்திலேயே.

11. வாசித்து முடித்த இரவு

தூங்குமுன் கால் மணி நேரம். மாறிய சுருதிகளையும் முடிவுகளையும் சார்ட்டில் திருத்துங்கள், நாளைக்கு மறந்துவிடும். மீதிப் பணம் வரவில்லை என்றால் பில்லை அன்றே அனுப்புங்கள், கட்டவேண்டிய தேதியோடு. மேடையில் மாற்றிய ஒலிகளைச் சேமியுங்கள். அரங்கை விட்டுக் கிளம்புமுன் ஸ்டாண்டுக்குக் கீழே ஒருமுறை குனிந்து பாருங்கள். மேடையிலேயே விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் பெடலைத்தான்.